காலமானவர் அளித்த விளக்கம்

உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான் என்பது முப்பத்தெட்டு வயதுவரை எனக்குத் தெரியாது.

நாங்குநேரி நெல் கிடங்கில் சுமைதூக்குபவனாகச் சேர்ந்தவன் நான். பதினாறு வருஷம் மூட்டை சுமந்தேன். அப்பாவுக்கும் மூட்டைதான். அம்மா செங்கல் சூளையில் பச்சைக்கல் சுமந்தாள். எங்கள் வீட்டில் ஒரு ஆள் பகலில் உட்கார்ந்திருந்தால் காய்ச்சல் என்று அர்த்தம். பிறகு என் முதுகில் ஒரு வட்டு விலகிவிட்டதாகப் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். பத்தாவது தேறியிருந்ததால் கிடங்கு மேலாளர் இரக்கப்பட்டு என்னைத் தற்காலிகப் பட்டியல் எழுத்தராக நாற்காலியில் உட்கார வைத்தார். தற்காலிகம் என்ற சொல்லை ஐயா குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பது சின்ன விஷயம். பயிற்சி நிலையத்தின் தீர்மானப் பதிவேட்டில் தேவசிகாமணி என்கிற ஒரே ஆள் 18.7.95 அன்று ஒருமுறையும் 22.7.95 அன்று இன்னொருமுறையும் காலமாகியிருக்கிறார், அது எப்படி என்று கேட்கிறீர்கள். இதற்காகத் திருஞானசம்பந்தம் சாருக்கு மெமோ கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். செய்யாத தப்புக்கு ஒரு மனிதர் மாட்டிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன்.

கணிப்பொறி அறிமுகப் பயிற்சி என்று பெயர். பன்னிரண்டு நாள். இடம் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, ஆற்றங்கரையில் ஒரு பழைய பங்களா. கிடங்குக்கு இரண்டு பேர் வீதம் பன்னிரண்டு கிடங்குகளிலிருந்து இருபத்துநான்கு பேர் வந்திருந்தோம். எங்கள் கிடங்கிலிருந்து நானும் எபனேசரும்.

கணிப்பொறி இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். தாழ்வாரக் கடைசியில் ஓர் அறையில் பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருந்தார்கள். அறைக்குப் பூட்டு. சாவி மெட்ராஸில் ஒரு அதிகாரியிடம். அவர் மாற்றலாகிப் போய்விட்டார், சாவியும் அவருடனே போய்விட்டது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். வெளியே நிற்பதற்கு எதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களாகவே கழற்றினோம்.

பாடம் நடத்திய திருஞானசம்பந்தம் சார் நல்ல மனிதர். அவரும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. மதுரையில் யாரோ நடத்திய பாடத்தை நோட்டில் எழுதி வைத்திருந்தார், அதை எங்களுக்கு வாசித்தார். ஒவ்வொரு கிடங்குக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். அட்டையில் கட்டம் கட்டமாக ஆங்கில எழுத்துகள் வரைந்திருக்கும். அதுதான் விசைப்பலகை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதை அமுக்கிப் பழக வேண்டும். சத்தம் வராது. சார் வரிசை வரிசையாக நடந்து வந்து, "ஏம்யா, அழுத்தி அடிக்காத, அது மென்மையான மிஷின்" என்பார். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்துவரை இதுதான். மூட்டை சுமக்கும்போது பாரம் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும். இங்கே தெரியவில்லை. மூன்றாம் நாள் மாலையில் என் முதுகு, கிடங்கில் அறுபது மூட்டை சுமந்த நாளைவிட அதிகமாக வலித்தது.

எபனேசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது சின்னவன். நாசரேத்துக்குப் பக்கத்தில், செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்து ஊர். அப்பா தேவசிகாமணி, மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. அக்கா பாக்கியவதி அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. எங்களுக்கு ஒரே அறை. அவன் பேசிக்கொண்டே இருப்பான். அவனிடம் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. என் முதுகுவலியைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தைலம் தேய்த்துவிடுவான்.

அவனிடம் இருந்தது ஒரே ஒரு குறை. மணி ஐந்தாவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும். எல்லோரும் அட்டையை மூடி, பேனாவைச் சட்டைப் பையில் குத்தியிருப்போம். ஆற்றில் தண்ணீர் போகிற சத்தம் ஜன்னலில் கேட்கும். அப்போது எபனேசர் கையைத் தூக்குவான்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். கரண்டு போயிட்டுன்னு வைங்க. உள்ள எழுதி வச்ச கணக்கெல்லாம் எங்கன சார் போவும்?"

"நல்ல கேள்வி" என்று சொல்லி சார் நோட்டை முதல் பக்கத்திலிருந்து திறப்பார். ஆறு மணி, ஆறேகால். பிறகு அறைக்கு வந்ததும் அதே சந்தேகத்தை எபனேசர் என்னிடம் கேட்பான். இருபத்துமூன்று பேர் அவனை முறைப்பார்கள். அவனுக்கு அது தெரியாது. அவனுக்கு உண்மையிலேயே சந்தேகம்.

நான்காம் நாள், வியாழக்கிழமை, கங்கைகொண்டானிலிருந்து வந்திருந்த சுந்தருக்குப் பெரியப்பா இறந்துபோனதாகத் தந்தி வந்தது. சார் உடனே நோட்டை மூடினார். எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனம் நின்றோம். தீர்மானப் பதிவேட்டில் இரங்கல் தீர்மானம் எழுதி, ஒரு நகல் தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் போட்டார். அன்றைக்கு மேற்கொண்டு வகுப்பு நடத்தக்கூடாது, அது முறை என்றார். பகல் பதினொன்றரை மணி. நாங்கள் எல்லோரும் ஆற்றில் இறங்கினோம். ஆனி மாதத் தண்ணீர், மேலே மலையில் மழை. கழுத்துவரை தண்ணீரில் நின்றபோது என் முதுகு முதல்முறையாக வலியை விட்டது. இருபத்துமூன்று ஆம்பிளைகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பாறையிலிருந்து குதித்தார்கள். எபனேசர்கூடக் குதித்தான்.

சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்கார இசக்கியம்மா சோற்றைத் தட்டில் கொட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு சாவு விழுந்தாத்தான் ஒங்க மூஞ்சியில உசுரு வருது. தெனம் ஒண்ணு விழட்டும், நானும் ஒரு வேள ஒல வைக்காம இருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் சிரித்துவிட்டு யோசித்தேன். மற்றவர்கள் யோசிக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்பாசமுத்திரம் தந்தி ஆபீஸுக்கு நடந்து போனேன். எபனேசர், நெல் கிடங்குப் பயிற்சி நிலையம் என்று முகவரி எழுதினேன். "அப்பா சீரியஸ். உடனே வரவும்." அனுப்புநர் பெயர் கேட்டிருந்தது. பாக்கியவதி என்று எழுதினேன். பொய்ப்பெயர் எழுத மனம் வரவில்லை. அவளுடைய பெயர் உண்மையிலேயே பாக்கியவதிதான்.

ஐயா தந்தியைப் பார்த்திருப்பீர்கள். செய்திக்கு மேலே ஒரு வரி இருக்கும். எந்த ஊர் ஆபீஸிலிருந்து அடித்தது, எத்தனை மணிக்கு என்று அதில் போட்டிருக்கும். நெல் மூட்டையில் எந்தக் கிடங்கு என்று கட்டியிருக்கும் சீட்டு மாதிரி. எங்கள் வேலையில் மூட்டையைத் தொடுமுன் சீட்டைப் பார்ப்போம். அந்த வரியில் அம்பாசமுத்திரம் என்று அடித்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். உலகத்திலுள்ள எல்லாவற்றிலும் சந்தேகம் கேட்கிற ஒருவன் அதைப் படித்தால் அப்போதே கதை முடிந்துவிடும். அந்த வாய்ப்பை அவனுக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை காலை தந்தி வந்தது. அவன் நடுவிலுள்ள வரியை மட்டும் படித்துவிட்டு அழுதுகொண்டே பஸ்ஸுக்கு ஓடினான்.

அன்று வகுப்பு சரியாக ஐந்து மணிக்கு முடிந்தது. ஆனால் அரைநாள் விடவில்லை. சீரியஸ் என்றால் மௌனம் கிடையாதாம். அதை நான் முன்பே விசாரித்திருக்க வேண்டும். அரைகுறை வேலை என் தப்பு.

திங்கட்கிழமை எபனேசர் திரும்பி வந்தான், முகமெல்லாம் சிரிப்பு, கையில் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி.

"அண்ணாச்சி, அப்பா நல்லாருக்காவ. நான் போவும்போது கோயிலுக்குப் பாட்டு பழக்கிட்டு இருந்தாவ. எங்க ஊர்ல தேவசிகாமணின்னு ஆறு பேரு. அதுல ஒருத்தரு ஆஸ்பத்திரில கெடக்காரு. அந்த வீட்டுலயும் ஒரு பாக்கியவதி உண்டு. அவ அடிச்ச தந்தி எங்கனயோ முகவரி மாறி எனக்கு வந்துட்டு."

"அதான பாத்தேன்" என்றேன்.

"அப்பா ஒங்களத்தான் ரொம்ப விசாரிச்சாவ. முதுகுவலின்னு சொன்னேன். அடுத்த தடவ எண்ணெய் குடுத்து விடுதேன்னாவ."

கருப்பட்டி நன்றாக இருந்தது. சனிக்கிழமையும் அன்று காலையும் வகுப்பைத் தவறவிட்டதால் அவனிடம் இரண்டு நாள் சந்தேகம் சேர்ந்திருந்தது. அன்று வகுப்பு ஏழு மணிக்கு முடிந்தது. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே சுந்தர் என்னிடம், "அண்ணாச்சி, இவங்க அப்பாவுக்கு ஆயுசு கெட்டிதான்" என்றான். அதை அவன் வருத்தமாகச் சொன்னான். அந்த வகுப்பில் இருந்த இருபத்துமூன்று பேரின் மனசிலும் இருந்ததைத்தான் நான் செய்தேன் என்று சொல்ல வருகிறேன். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு வேலையை எல்லோரும் விரும்பும்போது யாராவது ஒருவன்தான் முதுகைக் குனிய வேண்டியிருக்கிறது.

அன்று தந்தி ஆபீஸ் அடைப்பதற்குள் போய்ச் சேர்ந்தேன். "அப்பா காலமானார். உடனே வரவும். பாக்கியவதி."

செவ்வாய்க்கிழமை பதினெட்டாம் தேதி காலை பத்தேகாலுக்கு அது வந்தது. எபனேசர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான். மேல்வரியை இந்தத் தடவையும் பார்க்கவில்லை. சார் அவன் தோளைத் தொட்டு அழைத்துப் போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். இரண்டு நிமிடம் மௌனம். "ஓய்வுபெற்ற ஆசிரியர் திரு. தேவசிகாமணி அவர்களின் மறைவுக்கு இப்பயிற்சி வகுப்பு ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறது" என்று எழுதினார். உங்கள் கையிலிருக்கும் முதல் தேதி அதுதான். நாங்கள் வேன் பிடித்துப் பாபநாசம் போனோம். அருவியில் நின்றபோது தண்ணீர் மூட்டை மூட்டையாக முதுகில் விழுந்தது. நான் மனசாரத் தேவசிகாமணி வாத்தியாரை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் புதன்கிழமை, பதினோரு மணி வெயிலில், எபனேசர் வகுப்பு வாசலில் வந்து நின்றான். பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் ஒல்லியாக ஒரு பெரியவர். மூச்சு வாங்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இதான் எங்க அப்பா" என்றான் எபனேசர்.

திருஞானசம்பந்தம் சார் சாக்கட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"நான்தான் தேவசிகாமணி" என்றார் பெரியவர். "நேத்து எனக்காவ எல்லாரும் எந்திரிச்சு நின்னீங்களாம். ஊருல ஒருத்தன்கூட எனக்காவ எந்திரிச்சது கெடையாது, சார்வாள். முப்பத்தாறு வருசம் பிள்ளைங்களத்தான் எந்திரிக்க வச்சிருக்கேன். அதான் ஒரு எட்டு வந்து நன்றி சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

சாருக்கு ஒரே கவலை. நகல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. எழுதிய தீர்மானத்தை அடிக்க அவருக்கு அதிகாரமில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நெடுநேரம் யோசித்து, அதற்குக் கீழேயே எழுதினார்: "மேற்படி காலமான திரு. தேவசிகாமணி அவர்கள் இன்று நேரில் வருகை தந்து விளக்கம் அளித்ததை இவ்வகுப்பு பதிவு செய்கிறது." பெரியவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. பதிவேட்டில் இருக்கும், பார்க்கலாம்.

பிறகு அவர் ஒரு ஆசையைச் சொன்னார். அந்த இரண்டு நிமிடம் எப்படி நின்றோம் என்று பார்க்க வேண்டுமாம். மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் எழுந்து நின்றோம். அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் உட்கார்ந்ததும், "ஒண்ணே முக்கால் நிமிசம்தான் ஆச்சு. பரவாயில்ல" என்றார்.

கணிப்பொறியைப் பார்க்கக் கூட்டிப்போனோம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார்.

"ஏம்லே எபனேசரு, போத்திக் கெடத்தியிருக்காவ? காச்சலா?"

"தூசி படாம இருக்க, அப்பா."

"அப்ப அத எழுப்பி ஒருத்தரும் பாத்ததில்லயா?"

மதியம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வடை சாப்பிட்டார். அங்கேயே இருந்து வகுப்பை முழுசாகக் கேட்டார். மணி ஐந்தாவதற்கு ஐந்து நிமிடம். நான் எபனேசரைப் பார்த்தேன். அவன் கை தூக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார்வாள், கெழவனுக்கு ஒரு சின்ன சந்தேகம்."

வகுப்பு ஏழரைக்கு முடிந்தது.

அன்று அவர் எங்கள் அறையில் தங்கினார். சொன்னபடியே எனக்கு ஒரு பாட்டில் புன்னை எண்ணெய் கொண்டுவந்திருந்தார். தானே என் முதுகில் தேய்த்துவிட்டார். "பாரம் தூக்கின முதுகு, தம்பி. பைய பைய சரியாவும்" என்றார். மறுநாள் பஸ்ஸுக்கு நடக்கும்போது இரண்டு தடவை நின்றார். நெஞ்சைத் தடவிவிட்டு, "வெயிலு" என்றார். நானும் வெயில் என்றுதான் நினைத்தேன். வெயில் அடிக்கத்தான் செய்தது.

இனி சனிக்கிழமை. தற்காலிகம் என்ற சொல்லை இப்போது எடுத்துக்கொள்ளலாம். பயிற்சிக்குப் போகும்போதே எனக்கு ஓர் ஆணை கொடுத்திருந்தார்கள். சான்றிதழோடு வந்தால் எழுத்தர் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி மூட்டைக்கே திரும்ப வேண்டும். கடைசி நாள் பரீட்சை. அதைக் கிடங்கு வாரியாக இரண்டு பேராகத்தான் எழுத முடியும். ஒருவர் வாசிக்க, மற்றவர் அட்டையில் அடிக்க, சார் விரலைப் பார்த்து மார்க் போடுவார். ஜோடியில் ஒருவர் வரவில்லை என்றால் இருவருக்கும் அடுத்த வருஷம் மறுபயிற்சி. அடுத்த வருஷம் என் முதுகு இருக்காது.

பரீட்சை பத்து மணிக்கு. ஒன்பதரைக்குத் தந்திக்காரர் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"எபனேசர் அய்யாவுக்கு. இந்த வாட்டி என்ன, பதினாறாம் நாளு விசேசமா?"

எபனேசரும் சிரித்தான். பெஞ்சில் எனக்கும் அவனுக்கும் நடுவில் வைத்துப் பிரித்தான். "அப்பா சீரியஸ். உடனே வரவும். பாக்கியவதி." நான் முதலில் எழுதிய அதே சொற்கள். ஒரு எழுத்து மாறவில்லை. வழக்கம்போல அவன் நடுவரியைப் படித்தான். நான் மேல்வரியைப் படித்தேன். நாசரேத் என்று இருந்தது. எட்டு முப்பத்தைந்து மணி.

"பாத்தீங்களா அண்ணாச்சி. மறுபடியும் படுத்துட்டாவ எங்க அப்பா" என்றான். தந்தியை நாலாக மடித்து, பெஞ்சில் ஆடிக்கொண்டிருந்த அட்டைக்கு அடியில் முட்டுக் கொடுத்தான். அட்டை ஆடாமல் நின்றது. கொஞ்ச நேரம் விரலைப் பழக்கினான். பிறகு நிறுத்தினான்.

"அண்ணாச்சி. ஒரு சந்தேகம்."

"சொல்லு தம்பி."

"ஒருவேள இது நெசமா இருந்தா?"

அவன் என்னைத்தான் கேட்டான். ஊருக்கு ஃபோன் கிடையாது. கேட்பதற்கு வேறு ஆளும் கிடையாது. நான் சொன்ன பதிலை ஐயா வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொள்ளலாம்.

"மூணு நாளைக்கு முன்ன அந்தா அந்த பெஞ்சுல உக்காந்து ரெண்டு வட தின்ன மனுசன், தம்பி. பரிச்ச முடியட்டும். நானும் ஒங்கூட வாரேன்."

இதில் எந்த வார்த்தை பொய் என்று நீங்களே பாருங்கள். பெஞ்சு அதே பெஞ்சு. வடை இரண்டு. நானும் கூடப் போனேன்.

அவனுக்கு நிம்மதியாகிவிட்டது. பரீட்சையில் "கிடங்கிலுள்ள மூட்டைகள் அனைத்தும் நல்ல நிலையில் உள்ளன" என்று ஆங்கிலத்தில் நான் வாசிக்க, அவன் அட்டையில் அடித்தான். சார் குனிந்து விரலையே பார்த்துக்கொண்டிருந்து, ஒரே ஒரு பிழை என்றார். பன்னிரண்டு ஜோடியில் நாங்கள்தான் முதல். ஒரு மணிக்குப் பரீட்சை முடிந்ததும் எபனேசர், "இப்ப கெளம்பவா அண்ணாச்சி?" என்றான். சான்றிதழ் நாலு மணிக்கு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அதையும் வாங்கிவிட்டே போய்விடலாம் என்றேன். அது விதிதான். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது.

நாலு மணி ஆகச் சில நிமிடங்கள் இருந்தபோது அடுத்த தந்தி வந்தது. தந்திக்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அப்பா இரண்டரை மணிக்குக் காலமானார் என்று இருந்தது. எபனேசர் நடுவரியைப் படித்தான். பிறகு முதல்முறையாகக் கண்ணை மேலே நகர்த்தி மேல்வரியையும் படித்தான். அட்டைக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த தந்தியை உருவிப் பிரித்து, அதன் மேல்வரியையும் படித்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எந்தச் சந்தேகமும் கேட்கவில்லை.

சார் பதிவேட்டைத் திறந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அவர் பழைய பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஒருத்தருக்கு ஒரு தீர்மானம்தான்யா. இவருக்கு ஏற்கெனவே போட்டாச்சே" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையிலேயே திகைத்துப்போய்விட்டார். ஏற்கெனவே மௌனமும் நின்றாயிற்று, அதுவும் இரண்டு தடவை. கடைசியில், "18ஆம் தேதி காலமான திரு. தேவசிகாமணி அவர்கள் இன்று மீண்டும் காலமானார்" என்று எழுதினார். இரண்டாவது தேதி அதுதான். மனிதர் கண்முன்னால் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறார். அவர்மேல் தப்பில்லை என்பதை எடுத்துச் சொல்லத்தான் நான் வந்தேன்.

எபனேசர் கையெழுத்துப் போட்டான். இரண்டு சான்றிதழையும் நான் வாங்கி என் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு அவனோடு பஸ் ஏறினேன்.

வீடு போய்ச் சேர்ந்ததும் பாக்கியவதி தம்பியைத் திட்டவில்லை.

"புதங்கெழம போயிட்டு வந்ததுல இருந்தே நெஞ்சு வலின்னு படுத்தவதான். காலையில இருந்து வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாவ. எபனேசரு வந்துட்டானா, வந்துட்டானான்னு. பஸ்சு லேட்டு போலப்பான்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பியிருந்தால் ஒன்றே முக்காலுக்கு வந்திருப்பான். முக்கால் மணி நேரம் கிடைத்திருக்கும். பெரிய நேரம் என்று சொல்ல முடியாது. எங்கள் வகுப்பில் முக்கால் மணி நேரத்தை எத்தனையோ தடவை வீணாக்கியிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அடக்கம். பெட்டியை நாலு பேர் தூக்கினோம். தலைமாட்டில் வலதுபக்கம் நான். முதுகு தாங்குமா என்று எபனேசர் அந்த அழுகையிலும் கேட்டான். தாங்கும் என்றேன். என் பங்குக்கு ஒரு மூட்டை நெல் பாரம்கூட இல்லை.

இப்போது இருவரும் அதே கிடங்கில், அடுத்தடுத்த மேஜை. எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அவன் என்னைத்தான் அண்ணன் ஸ்தானத்தில் வைத்திருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டான், போனேன். பாக்கியவதி தனியாக எனக்கு ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தாள். பெரியவர் கொடுத்த எண்ணெய் இன்னும் பாதி பாட்டில் இருக்கிறது. தேய்த்தால் கேட்கிறது.

முன்னைப்போல அவன் சந்தேகம் கேட்பதில்லை. கிடங்குக்குக் கணிப்பொறி வந்தபோது, ஆட்கள் வந்து சொல்லிக்கொடுத்தபோதுகூட, ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டினான். போன மாதம் மட்டும், மதியம் சாப்பிட்டுக் கைகழுவும் இடத்தில், எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னான்.

"அண்ணாச்சி, அந்த மொத ரெண்டு தந்தியும் எவன் அடிச்சிருப்பான்? அது மட்டும் வரலன்னா மூணாவத நான் நம்பியிருப்பேன்லா?"

"ஒங்க ஊர்ல தேவசிகாமணி ஆறு பேருல்லா, தம்பி" என்றேன்.

"ஆமா" என்றான். செம்பை வாங்கி, அவன் கையில் நான் தண்ணீர் ஊற்றினேன்.

நடந்தது இவ்வளவுதான், ஐயா. நான் அடித்தது இரண்டு தந்தி. அந்த இரண்டினாலும் ஒருவரும் சாகவில்லை. மூன்றாவது அவன் வீட்டிலிருந்து வந்தது, அதில் எனக்குச் சம்பந்தமில்லை. எபனேசரிடம் எதையும் மறைக்க வேண்டும் என்று நான் நினைத்ததே கிடையாது. அவன் நேராக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.